பேசினால் நின்றுவிடும் கை

அண்ணன் பேசாமல் நடந்து நான் பார்த்தது அவருடைய கடைசி இரண்டு வருடங்களில் மட்டும்தான். கூடப் பிறந்த அண்ணன் இல்லை, கூட வேலை பார்த்தவர். அதற்கு முன் பதினோரு வருடங்கள் நாங்கள் இருவரும் ஒன்றாகத் தண்ணீர் மீட்டர் படித்தோம். ஈப்போவைச் சுற்றியிருக்கும் தாமான் என்கிற குடியிருப்புகள், லகாட், மெங்லெம்பு, இன்னும் உள்ளே போனால் ரப்பர் அழிந்து செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகள். தெருவின் இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவருக்கு. மீட்டரைப் பார்த்து எண்ணைத் தட்டினால் இடுப்பில் தொங்கும் இயந்திரம் பில்லைத் துப்பும். அதைக் கிழித்துக் கேட்டில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கு நடுவில் அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னிடம் பேசிக்கொண்டே வருவார். லாரி குறுக்கே போனால் குரலை உயர்த்துவாரே தவிர நிறுத்த மாட்டார்.

எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. "மழ வருமாண்ணே?" என்று கேட்டால், "பூசிங்ல ஒரு வீடு இருந்துச்சு பாரு" என்று ஆரம்பிப்பார். அந்த வீட்டு அம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினால் மழை வராது, போகட்டும் என்று படுத்துத் தூங்கினால் கொட்டும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த அம்மா தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுவார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறு வீடு கடந்திருப்போம். மழையும் வந்திருக்கும். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு வீடு இருந்தது.

ஆள் உயரம், ஒல்லி. நடந்தால் இரண்டு கைகளும் தோளிலிருந்து வீசி வரும். கதை சூடு பிடித்தால் கைவீச்சும் கூடும். நான் ஓட வேண்டியிருக்கும்.

அவர் பேச்சைச் சிலர் தொல்லை என்பார்கள். லகாட்டில் தனியாக இருந்த ஒரு சீனப் பெரியவர் மட்டும் அவருக்காகக் காத்திருப்பார். இவருக்குத் தெரிந்த கொஞ்சம் கான்டனீஸ், அவருக்குத் தெரிந்த கொஞ்சம் மலாய், இரண்டையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போடுவது போலப் பேசிக்கொள்வார்கள். ஒரு மாதம் மீட்டர் பார்க்கப் போனபோது அண்ணன் கூப்பிட்டார், பதில் இல்லை. மீட்டர் முள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பில்லைச் செருகிவிட்டு வரச் சொன்னேன். "தண்ணி ஓடுது, ஆள் சத்தம் இல்லியேம்மா" என்றவர், அந்த வயதில் கேட் ஏறிக் குதித்தார். பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தார், குழாய் திறந்தபடி இருந்தது. பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் அந்த கேட்டில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் தொங்கும். அதில் பாதி எனக்கு வரும்.

நானும் அந்தப் பெரியவர் மாதிரிதான் விழுந்து கிடந்தேன் ஒரு காலத்தில். என் கணவர் ஜொகூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு வராமலே இருந்துவிட்டார். எல்லோரும் என்னிடம் அதைப் பற்றியே கேட்டார்கள். அண்ணன் ஒரு நாளும் கேட்கவில்லை. காலையில் பார்த்ததும் "பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்பார். பிறகு வீடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். ஆறு மாதம் நான் பதிலே சொல்லவில்லை, அவரும் விடவில்லை. ஏழாவது மாதம் ஏதோ ஒரு வீட்டுக் கதைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் அவர் நின்று, "அப்பாடா" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கையை முதலில் பார்த்தவள் நான்தான்.

தோட்டத்துச் சாலை குறுகலானது. அங்கே மட்டும் முன்னும் பின்னுமாக நடப்போம். அவருக்குப் பின்னால் நடந்தபோது ஒரு நாள் பார்த்தேன்: வலது கை வழக்கம்போல வீசிப் போய்க்கொண்டிருந்தது. இடது கை முழங்கையில் லேசாக மடங்கி, இடுப்பை ஒட்டி, கக்கத்தில் குடை வைத்திருப்பவர் கை மாதிரி அசையாமல் இருந்தது.

"என்னண்ணே, ஒரு கைக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார். அவருக்கே அது புதிதாக இருந்தது. வேண்டுமென்றே நான்கு தடவை அகலமாக வீசிக் காட்டி, "இந்தா, வேலைக்கு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு விட்ட கதையைத் தொடர்ந்தார். பத்து அடி போவதற்குள் கை மறுபடியும் நின்றுவிட்டது. நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை, மறுநாள் தேநீர்க் கடையில் மற்ற மீட்டர்காரர்களிடமும் சொன்னேன். "இன்னிக்கி எந்தக் கைக்கு லீவுண்ணே?" என்று பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தார்.

நாய்கள் சிரிக்கவில்லை. மீட்டர் படிப்பவர்களுக்கு நாய்தான் முதல் எதிரி. அண்ணனுக்கு அப்படி இல்லை. பேசியே எல்லாவற்றையும் பழக்கி வைத்திருந்தார்; அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே வாலாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடும். அதே நாய்கள் அவரைக் கண்டு உறும ஆரம்பித்தன. நடை மாறியிருந்தது, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். குரலும் இறங்கியிருந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குப் பாதிதான் கேட்டது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மெங்லெம்புவில், பத்து வருடம் பழகிய கறுப்பு நாய் ஒன்று கேட் இடுக்கு வழியாக அவர் இடது கையைக் கவ்விவிட்டது.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "கைய இழுத்துக்கக் கூடாதாண்ணே?" என்று திட்டினேன்.

"இழுத்தேம்மா. வரல" என்றார்.

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

கிளினிக்கில் கட்டுப்போட்ட டாக்டர் காயத்தைவிட அதிக நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுந்து கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார். நடந்து காட்டினார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, மூளையைப் படமெடுக்க கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்லும் நாளில் அண்ணி என்னையும் கூப்பிட்டார். அண்ணன் மனைவி, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவர், குள்ளமான, கண்டிப்பான மனுஷி. தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்ல மாட்டார். "காடி ஓட்ட ஆள் வேணும், வா" என்றார்.

டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். நல்ல மூளையில் இரண்டு காற்புள்ளிகள் எதிரெதிராக ஒளிர்வது போல இருக்குமாம். அண்ணன் மூளையில் வலது பக்கத்துக் காற்புள்ளி வால் உதிர்ந்து வெறும் புள்ளியாகிவிட்டிருந்தது. மற்றதன் வாலும் மங்கியிருந்தது. டோபமின் என்று ஒன்று அங்கே குறைந்துபோயிருக்கிறது என்றார். நடக்கும்போது கையை வீசு என்று யாரும் நினைத்துக்கொண்டு வீசுவதில்லை, அது தானாக நடக்கிற காரியம், அதற்கு டோபமின் வேண்டும். வலது மூளையில் குறைந்தால் இடது கை நிற்கும். நடுக்கம் வருவதற்குப் பல காலம் முன்பே சிலருக்குக் கை நின்றுவிடும். இதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர் என்றார்.

"கை வீசலன்னு இதுக்கு முன்னாடி யாராச்சும் கவனிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் திரையிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

"இந்தத் தங்கச்சி கவனிச்சா டாக்டர், ஒண்ணர வருஷம் முந்தியே. போய்க் காட்டுங்கன்னு சொன்னா. நான்தான் கேக்கல" என்றார் அண்ணன்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. முன்பே வந்திருந்தாலும் இந்த நோயை நிறுத்துகிற மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ. அன்று வீடு திரும்பும்வரை அண்ணி என்னிடம் பேசவில்லை.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் அண்ணன் தாமான் திடலுக்கு என்னை வரச் சொன்னார். போனால், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு திடலைச் சுற்றி நடந்து காட்டினார். "பாத்தியா? வந்துருச்சுலா!" என்று கத்தினார். அண்ணி கட்டைச் சுவரில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு மாத்திரையின் நேரம் சுருங்கத் தொடங்கியது, அண்ணன் வேலையை விட்டுவிட்டார். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கை அசைய ஆரம்பிக்கும், இரண்டரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அவருக்குத் தெரியும் முன்பே கை சொல்லிவிடும். அண்ணி கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடற்பயிற்சிப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண் அவருக்கு நடை சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண். ஒரு நாள் அவரை நடக்கவிட்டுப் பக்கத்திலேயே வந்தவள், சும்மா பேச்சுக்கு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். அண்ணன் மலாயில் உற்சாகமாக ஒரு வீட்டுக் கதையைத் தொடங்கினார். நாலாவது அடியில் இடது கை நின்றது. எட்டாவது அடியில் வலது கையும் நின்றது. பிறகு இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நடுவழியில் நின்றுவிட்டார், வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவள் தாங்கிப் பிடித்தாள். "அங்கிள், ஜாலான் சாஜா. ஜாஙான் சாக்காப்" என்றாள். நடக்க மட்டும் செய்யுங்கள், பேசாதீர்கள்.

பிறகு எங்களுக்கு விளக்கினாள். தானாக நடந்த காரியத்தை இனி அவர் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். இருப்பது ஒரே நினைப்பு. அதைப் பேச்சுக்குக் கொடுத்தால் காலுக்கு மிஞ்சாது, விழுந்துவிடுவார்.

அண்ணி அதைச் சட்டமாக்கிவிட்டார். "பேசணும்னா நில்லுங்க. நடக்கணும்னா வாய மூடுங்க." திடலில் நடக்க வருகிற அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் போய், என் வீட்டுக்காரர் நடக்கும்போது யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். யாராவது மறந்துபோய் "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அண்ணி திரும்பிப் பார்க்கும் பார்வைக்கு அவர்கள் அடுத்த நாள் வேறு நேரத்துக்குத்தான் வருவார்கள். வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். அறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "மொதல்ல உக்காருங்க" என்பார். உட்கார்ந்த பிறகு அது மறந்து போயிருக்கும்.

நான் சனிக்கிழமைகளில் போய் அவரோடு நடப்பேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் திடலைச் சுற்றுவோம். அவர் செருப்புத் தேயும் சத்தம் மட்டும் கேட்கும். அவர் உதடு அசையும். ஒண்ணு, ரெண்டு என்று அடிகளை எண்ணிக்கொள்கிறார் என்று தெரியும். பதினோரு வருடம் ஓயாமல் கேட்ட காதுக்கு அது தாங்கவில்லை. நடந்து முடித்துச் சுவரில் உட்கார்ந்ததும், "இப்பப் பேசுங்கண்ணே" என்பேன். முகம் அசையாமல், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, இரண்டு வாக்கியம் வரும்.

"உக்காந்தா எனக்கு எந்த வீடும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதும்மா" என்றார் ஒரு நாள். "நடந்தாத்தான் வரிசையா வருது. வாரப்போ சொல்ல முடியல."

அண்ணி மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவரிடமிருந்து அவரையே பிடுங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் அந்த இரண்டு வருடம் அவர் ஒரு தடவைகூட விழவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அவரை விழ வைத்தது நான்.

அந்த வாரம் என் கணவர் ஏழு வருடம் கழித்துப் போன் செய்தார். உடம்பு சரியில்லை, அங்கே இருந்தவளும் போய்விட்டாள், வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். நாலு நாள் தொடர்ந்து அடித்தார். சனிக்கிழமை காலை அண்ணிக்குப் பள்ளியில் வேலை. திடலில் நாங்கள் இருவர் மட்டும்தான். முதல் சுற்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டாவது சுற்றில், சாலைப் பக்கம் திரும்பியபோது, என்னை மீறி வந்துவிட்டது.

"அண்ணே, அவரு திரும்பி வாரேங்கிறாரு. நான் என்ன செய்ய?"

நின்று கேட்டிருக்கலாம். அவரை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் நிற்கவில்லை. தலையை என் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் எத்தனையோ நாளாக இல்லாத ஓர் அசைவு வந்தது.

"சிம்மோர்ல ஒரு வீடு இருந்துச்சு பாரு" என்றார். பழைய குரல். தெருவே கேட்கிற குரல். "ஓரத்து வீடு. புருஷன்காரன் இப்படித்தான் விட்டுட்டுப் போயிட்டான். எட்டு வருஷம் கழிச்சு ஒரு பையத் தூக்கிக்கிட்டு கேட் முன்னாடி வந்து நிக்கிறான். நான் அப்ப மீட்டர் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பொம்பள கதவத் தொறந்தா. என்ன செஞ்சா தெரியுமா..."

அவர் இடது கை நின்றதை நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவரும் அண்ணியும் மட்டும்தான். ஆனால் அடுத்த வாக்கியம் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன்.

கால் ஒட்டிக்கொண்டது, உடம்பு முன்னால் போய்விட்டது. விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அவருடைய இரண்டு கைகளும் வரவே இல்லை. மரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தார். இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆம்புலன்ஸில் என் விரலைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன். "மோட்டார் ஒண்ணு வேகமா வந்துச்சு. ஒதுங்கப் போயி விழுந்துட்டேன். சரியா?" என்றார். வலியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்ததும் அவர் அதையே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாகத்தான் நடந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. நான் போனபோதெல்லாம் யாராவது இருந்தார்கள். ஒரே ஒரு தடவை தனியாக இருந்தோம். என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். காதை வைத்துக் கேட்டேன். மூச்சுதான் வந்தது. ஐந்தாவது வாரம் இறந்துபோனார்.

கருமாதிக்கு மறுநாள் அண்ணி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அதுவரை அவர் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அந்த மோட்டார்க்காரனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"திடல் மொனையில இருக்கிற கடையில கேமரா இருக்காம். கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன், பாக்கலாம்னாரு. நீ வா. அவன் நம்பர எடுத்துக்கிட்டு அப்படியே பாலாய் போலாம், போலீஸ்ல ரிப்போட் குடுக்கணும். உனக்குத்தான் மலாய் நல்லா எழுத வருமில்ல" என்றார். கிளம்புவதற்குத் தயாராகச் செருப்புகூடப் போட்டிருந்தார்.

"அண்ணி, மோட்டார் எதுவும் வரல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, நான் கேட்டது, கை நின்றதைப் பார்த்தது, பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. அண்ணி வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெனமும் சாமிகிட்ட கேட்டேன், அந்த மோட்டார்க்காரன் கை கால் வெளங்காமப் போகணும்னு" என்றார். "உன்னையா அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"சிம்மோர்ல ஒரு வீடுன்னு..."

"அப்படி இல்ல. அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். சிம்மோர்ல ஒரு வீடு இருந்துச்சு பாரு. ஓரத்து வீடு. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட் முன்னால் பையோடு வந்து நின்றவனை, கதவைத் திறந்த பெண்ணைச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது சிறியதாகவே இருந்தது.

"இத எங்கிட்ட சொன்னதே இல்ல" என்றார் அண்ணி. "அந்தப் பொம்பள என்ன செஞ்சாளாம்?"

"தெரியல அண்ணி. அதுக்குள்ள விழுந்துட்டாரு."

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகுதான் அழத் தொடங்கினார்.